மூன்றாம் நாள் காலை

மிதிவண்டி ஒரு காலத்தில் நம்மிடையே எளியோரின் வாகனமாயிருந்தது. பால்காரரும் தபால்காரரும் அதில் ஊர் சுற்றினர். கிளைப்பங்குகளுக்குச் செல்லும் உபதேசியாரும், செபமாலையைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு அதிலேதான் போய்வந்தார். இன்று அதே வாகனம் வேறொரு கோலத்தில் திரும்பி வந்திருக்கிறது. நாற்பது வயதைத் தொட்ட வங்கி ஊழியர்களும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் விடியுமுன் தலைக்கவசம் அணிந்து, மெல்லிய சக்கரங்கள் பூட்டிய வண்டிகளில் சாலையில் விரைவதைக் கோவை போன்ற நகரங்களில் எவரும் காணலாம். உடல் நலம் நாடித் தொடங்கிய இப்பழக்கம் சிலருக்கு நாளடைவில் ஆர்வமாகவும், பின்னர் வேட்கையாகவும் வளர்ந்துவிடுகிறது. அப்போது அவர்கள் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது: "பல நாள் பந்தயம் ஒன்றில் கலந்துகொள்ள விரும்புகிறேன், எதைத் தேர்ந்தெடுப்பது?"

இக்கேள்விக்கும் குடும்பத்தார் படிக்கும் மாத இதழுக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கக்கூடும். தொடர்பு உண்டு. பந்தயத்தில் மிதிப்பவர் ஒருவரேயாயினும், அதற்கான விலையைக் கொடுப்பது வீடு முழுவதுமே. இதனைச் சென்ற ஆண்டு என் தமக்கையின் மகன் வழியாக நான் கண்கூடாகக் கண்டேன். அவனுக்கு வயது முப்பத்தெட்டு, வங்கியில் பணி, மனைவியும் எட்டு வயது மகளும் உள்ளனர். நானும் ஓய்வு பெறுமுன்பு பல்லாண்டுகள் மலைச் சாலைகளில் மிதித்தவன் என்பதால், தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் எனக்கும் பங்கு கொடுத்தான்.

பல நாள் பந்தயம் என்பது யாது?

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். பல நாள் பந்தயத்தில் ஒவ்வொரு நாள் ஓட்டமும் ஒரு கட்டம் எனப்படும். வீரர் ஒவ்வொரு கட்டத்தையும் முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் குறிக்கப்படும். எல்லா நாட்களின் நேரத்தையும் கூட்டினால் யாருக்கு மிகக் குறைவோ அவரே வெற்றி பெற்றவர். ஆகவே ஒருநாள் மட்டும் மின்னலெனப் பாய்ந்து மறுநாள் சோர்ந்து கிடப்பவனுக்கு இதில் இடமில்லை.

நெடுந்தூர ஓட்டங்கள் அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. 'பிரெவே' எனப்படும் ஓட்டத்தில் 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி, 600 கிலோமீட்டருக்கு 40 மணி எனக் கெடு உண்டு. அங்கே நீங்கள் உண்டாலும் உறங்கினாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். கட்டப் பந்தயத்திலோ மாலையில் கோட்டைக் கடந்ததும் கடிகாரம் நின்றுவிடும். இரவு நமக்குத் திருப்பித் தரப்படும். அந்த இரவை நம் உடல் எவ்வாறு பயன்படுத்துகிறது என்பதைப் பொறுத்தே மறுநாள் அமையும்.

இப்பந்தயங்களுள் புகழ் வாய்ந்த 'டூர் டி பிரான்ஸ்' 1903ஆம் ஆண்டு தொடங்கிற்று. ஆறு கட்டங்களில் 2,428 கிலோமீட்டர். ஒரு கட்டம் சராசரியாக 400 கிலோமீட்டர் என்பதால் கட்டங்களுக்கிடையே ஓய்வு நாட்கள் விட்டனர். அப்படியிருந்தும் புறப்பட்ட 60 பேரில் பாரிஸ் வந்து சேர்ந்தவர் 21 பேரே. உணவும் ஊதியமும் மிதிப்பதிலிருந்தே பெற்றவர்களின் நிலை இது. காலையில் அலுவலகமும் மாலையில் வீட்டுக் கடமைகளும் கொண்ட நம்மவர் எவ்வளவு எச்சரிக்கையுடன் தேர்ந்தெடுக்க வேண்டும்!

தொழில்முறை வீரரல்லாதவர்க்கென்றே ஏற்பட்ட பல நாள் பந்தயங்கள் பெரும்பாலும் அண்மைக் காலத்தவை. ஜெனீவா நகரிலிருந்து ஆல்ப்ஸ் மலைகளைத் தாண்டி நீஸ் கடற்கரைக்கு ஏழு நாளில் செல்லும் 'ஓட் ரூட்' 2011இல் தொடங்கியது. பின்னர் அதே அமைப்பினர் வான்டூ மலையைச் சுற்றி மூன்று நாள் பந்தயங்களையும் நடத்தினர். நம் நாட்டில் 2008இல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களின் வழியே எட்டு நாள் அளவில் செல்வது. அதில் நாள் முழுவதும் போட்டி இல்லை. குறித்த சில பகுதிகளில் மட்டுமே நேரம் அளக்கப்படும். எஞ்சிய வழியைத் துணைவருடன் உரையாடியவாறே கடக்கலாம்.

என் மருமகன் முதலில் விரும்பியது ஆல்ப்ஸ் பந்தயத்தைத்தான். பனி மூடிய சிகரங்களின் படங்களை என் முன் பரப்பி, "மாமா, கலிபியே கணவாயின் உயரம் 2,642 மீட்டர்! வாழ்நாளில் ஒருமுறையாவது அங்கே ஏறவேண்டாமா?" என்றான்.

"மாப்பிள்ளை, நம் தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். ஐந்து மீட்டர்தான் குறைவு. உயரத்தைக் கொண்டு பந்தயத்தைத் தேர்ந்தெடுப்பதானால் இருவருக்கும் வண்டிச் சத்தம் மிச்சம்" என்றேன்.

அவன் சிரித்தான். ஆயினும் அவன் ஆசை வீண் ஆசையன்று. அதை ஏளனம் செய்யவும் நான் விரும்பவில்லை. ஆகையால் கணக்குப் பார்க்கலாம் என்று அமர்ந்தோம். கோபுரம் கட்ட நினைப்பவன் முன்னதாக உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் உவமையாகச் சொல்லியிருப்பது எல்லா முயற்சிக்கும் பொருந்தும் அன்றோ!

ஏற்றமும் கெடுவும்

பந்தய அறிவிப்பில் முதற்கண் பார்க்க வேண்டியது கிலோமீட்டர் அன்று. ஏறவேண்டிய மொத்த உயரமே. சமவெளியில் 120 கிலோமீட்டர் நான்கரை மணி வேலை. அதே 120 கிலோமீட்டரில் 3,000 மீட்டர் ஏற்றம் இருப்பின் அது முற்றிலும் வேறான ஒரு நாள்.

இதை அளக்க எளிய வழியொன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் நான் எத்தனை மீட்டர் உயரம் ஏறுகிறேன் என்று ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டும். முறையாகப் பயின்ற நடுத்தர வயதினர் மணிக்கு 600 முதல் 900 மீட்டர் வரை ஏறுவர். பந்தயத்தின் கடினமான நாளில் உள்ள ஏற்றத்தை இவ்வெண்ணால் வகுத்தால், மலை ஏறுவதற்கு மட்டும் ஆகும் நேரம் கிடைக்கும். அத்துடன் இறக்கத்திற்கும் சமதளத்திற்கும் ஆகும் நேரத்தையும், தண்ணீர் பிடிக்க, உடை மாற்ற, உண்ண நிற்கும் நேரத்தையும் கூட்டவேண்டும்.

கூட்டிய பின் கெடுவோடு ஒப்பிட வேண்டும். இத்தகைய பந்தயங்களில் ஒவ்வொரு கட்டத்திற்கும் கெடு நேரம் உண்டு. கடைசி வீரருக்குப் பின்னால் ஒரு வண்டி வரும். பிரெஞ்சு நாட்டார் அதைத் துடைப்ப வண்டி என்று பெயரிட்டு அழைப்பர். கெடுவைத் தவறவிட்டவர் அதில் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். புகைவண்டியின் கடைசிப் பெட்டியில் சிவப்பு விளக்குத் தொங்குவதை நினைத்து, கடைசியாக வருபவரைச் 'சிவப்பு விளக்கு' என்று அவர்கள் அழைப்பதும் உண்டு. சிவப்பு விளக்காக வருவதில் இழிவில்லை. கூட்டத்தார் அவரை மிகுந்த அன்புடன் வாழ்த்துவர். ஆனால் துடைப்ப வண்டியில் அன்றாடம் ஏறுவதற்காக எவரும் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை.

உடல் சொல்லும் உண்மை

ஒருநாள் கணக்கு எளிது. பல நாள் பந்தயத்தின் உண்மையான வினா, அடுத்த நாள் காலையில் அதே கணக்கு நிற்குமா என்பதே.

நம் தசைகளிலும் ஈரலிலும் மாவுச்சத்து சேமித்து வைக்கப்படுகிறது. அது ஏறத்தாழ நானூறு ஐந்நூறு கிராம் அளவினதே. நெடுநேரம் மலையேறுகையில் அது வற்றிவிடும். ஆகையால் மிதிக்கும்போதே மணிக்கு 60 கிராம் அளவிலாவது மாவுச்சத்தை உட்கொள்ள வேண்டும். பழகியவர்கள் 90 கிராம் வரை ஏற்பர். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவு இருக்கும் என்பதால், மணிக்கு இரண்டு பழமும் சிறிது கடலை மிட்டாயும் என்று கொள்ளலாம். ஓட்டம் முடிந்த முதல் சில மணி நேரம் மிகவும் முக்கியமானது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு கிராம் வீதம், மணிதோறும் மாவுச்சத்து கொடுத்தால் இரவுக்குள் களஞ்சியம் பெரிதும் நிரம்பும். இதைச் செய்யாமல் அறையில் படுத்து உறங்கிவிட்டவர் மறுநாள் காலையில் வெறும் களஞ்சியத்தோடு எழுவார். இருக்கையில் தோல் உரசி ஏற்படும் புண்ணும் அவ்வாறே. முதல் நாள் அது சிறு எரிச்சல். நான்காம் நாள் அதுவே பந்தயத்தை முடித்துவைக்கும்.

இவையெல்லாம் நூலறிவு. உன் உடல் என்ன சொல்கிறது என்பதை உன் உடலிடமே கேட்க வேண்டும் என்று மருமகனிடம் சொன்னேன். சென்ற பொங்கல் விடுமுறை மூன்று நாளும் அதற்காக அவன் மேட்டுப்பாளையத்திற்கு வந்து என் இல்லத்தில் தங்கினான். மனைவியும் மகளும் உடன் வந்திருந்தனர். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் சாலை; ஏறத்தாழ 1,500 மீட்டர் ஏற்றம். மூன்று நாளும் தொடர்ந்து ஏறி இறங்குவது என்று ஏற்பாடு. தண்ணீரும் பழமும் எடுத்துக்கொண்டு நான் ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தேன்.

முதல் நாள் இரண்டு மணி இருபது நிமிடத்தில் கோத்தகிரி போய்ச் சேர்ந்தான். மணிக்கு 640 மீட்டருக்குச் சற்று மேல். "பார்த்தீர்களா மாமா!" என்றான். அன்று மாலை தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். மூன்றாம் நாள் காலை அவனை எழுப்ப மூன்றுமுறை அழைக்க வேண்டியதாயிற்று. படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டான். எனினும் மனந்தளராமல் புறப்பட்டு, மூன்று மணி நேரத்தில் கோத்தகிரியை அடைந்தான். மணிக்கு 500 மீட்டர்.

மூன்று நாளின் எண்களையும் ஒரு தாளில் எழுதினோம். 120 கிலோமீட்டரும் 3,000 மீட்டர் ஏற்றமும் உள்ள ஒரு கட்டத்திற்கு ஒன்பது மணி கெடு என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் வேகத்தில் ஏற்றத்துக்கு ஐந்து மணிக்குச் சற்றுக் குறைவு. இறக்கத்துக்கும் சமதளத்துக்கும் இரண்டரை மணி. ஆக ஏழரை மணிக்குள் முடிந்துவிடும். மூன்றாம் நாள் வேகத்திலோ ஏற்றத்திற்கே ஆறு மணி. ஆக எட்டரை மணி. உண்பதற்கும் நிற்பதற்கும் மழைக்கும் எஞ்சுவது அரை மணி நேரம். இன்னும் நான்கு நாட்கள் இருக்கின்றன. இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மெல்லிய காற்றில் மூச்சும் சிறிது குறையும்.

அவன் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவேண்டியதை மூன்றாம் நாள் காலையே சொல்லிவிட்டது.

இறக்கத்தின் ஆபத்து

பலர் ஏற்றத்தைக் கண்டு அஞ்சுவர்; இறக்கத்தைக் கண்டு மகிழ்வர். உண்மையில் இரண்டும் எச்சரிக்கைக்கு உரியவையே. 1967ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் ஆங்கில வீரர் டாம் சிம்சன் வான்டூ மலையின் கொடும் வெயிலில் ஏறுகையில் விழுந்து மாண்டார். அவர் ஊக்க மருந்து உட்கொண்டிருந்தது பின்னர் தெரியவந்தது. உடல் போதும் என்று சொல்லும் குரலை மருந்தால் அடக்குவது எத்துணை கொடியது என்பதற்கு இது சான்று. 1995ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள், ஒலிம்பிக்கில் பொற்பதக்கம் வென்ற இத்தாலிய இளைஞர் பாபியோ கசார்டெல்லி, பிரனீஸ் மலையின் இறக்கமொன்றில் விழுந்து தலையில் அடிபட்டு உயிர் துறந்தார். 2003 முதல் தொழில்முறைப் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று.

ஆகவே பந்தயத்தைத் தேர்ந்தெடுப்பவர் கேட்க வேண்டியவை சில உண்டு. ஆபத்தான இறக்கங்களில் நேரம் அளப்பதை நிறுத்திவிடுகிறார்களா? நிறுத்தினால், முந்தவேண்டும் என்ற வெறியின்றி இறங்கலாம். சாலையில் மற்ற வாகனங்கள் ஓடுமா, சாலை மூடப்படுமா? மருத்துவரும் ஆம்புலன்சும் உடன் வருகின்றனவா? பெட்டி படுக்கையை அடுத்த ஊருக்கு யார் கொண்டு சேர்ப்பார்? நாற்பதை நெருங்கியவர்கள் கட்டணம் செலுத்துமுன் இதயப் பரிசோதனை செய்துகொள்வதும் இன்றியமையாதது. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறும் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறுவோர் அதைத் தவமாகக் கருதட்டும். ஆனால் அவ்வழியே இறங்கும் பந்தயம் எதையும் நான் எவருக்கும் பரிந்துரைக்கமாட்டேன்.

வீட்டின் பங்கு

அன்று மாலை மிச்சமிருந்த சர்க்கரைப் பொங்கலை வைத்துக்கொண்டு எல்லோரும் அமர்ந்தோம். கணக்கின் அடுத்த பகுதியை அவன் தயங்கித் தயங்கியே வெளியிட்டான். நுழைவுக் கட்டணம், விமானச் சீட்டு, விசா, வண்டியைக் கொண்டுசெல்லும் பெட்டி, காப்பீடு, தங்கும் செலவு எல்லாம் சேர்ந்து நான்கு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். மகளின் படிப்புக்கென்று போட்டுவைத்த வைப்புநிதியை எடுத்துவிட்டு, இரண்டு ஆண்டில் திருப்பிவிடலாம் என்பது அவன் எண்ணம். அது அவன் மனைவிக்குத் தெரியுமா என்று நான் அவனைக் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன், அப்போதுதான் அவள் அதைக் கேட்கிறாள் என்று.

அவள் கோபிக்கவில்லை. சிறிது நேரம் கழித்து, "மாமா, அந்த ஏழு நாளை நான் தாங்கிக்கொள்வேன். அதற்கு முந்தைய ஏழு மாதத்தைப் பற்றித்தான் கேட்கிறேன்" என்றாள்.

"ஏழு மாதத்துக்கு என்னம்மா?"

"இப்போதே சனியும் ஞாயிறும் விடியுமுன் போனால் பதினொரு மணிக்குத்தான் வருகிறார். வந்தபின் உறக்கம். பிள்ளையை மறைக்கல்வி வகுப்புக்கு நான்தான் அழைத்துப் போகிறேன். அத்தைக்கு மருத்துவமனைக்கும் நான்தான். ஞாயிறு பூசைக்கு மூன்று பேரும் ஒன்றாகப் போய் எவ்வளவு நாளாயிற்று என்று அவரையே கேளுங்கள். வரும் மே மாதம் பிள்ளைக்குப் புதுநன்மை."

அவள் குரலில் குறைகூறும் தொனி சிறிதும் இல்லை. வரவு செலவுப் புத்தகத்தை வாசிப்பவள்போல் வாசித்தாள். மருமகன் தலை குனிந்திருந்தான். எட்டு வயதுப் பெண் மட்டும், "அப்பா, நீங்க புதுநன்மைக்கு வருவீங்கதானே?" என்று கேட்டாள்.

பந்தயத் தேர்வில் எல்லா அறிவிப்புகளும் மறைக்கும் செலவு இதுவே என்பது என் துணிபு. பந்தயம் ஏழு நாளே. ஆயத்தம் ஆறு ஏழு மாதம். ஏற்றம் மிகுந்த பந்தயத்திற்கு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரமாவது பயிற்சி வேண்டும். அந்த நேரம் வானத்திலிருந்து இறங்குவதில்லை. யாரோ ஒருவருடைய நாளிலிருந்து எடுக்கப்படுகிறது. யாரிடமிருந்து எடுக்கிறோமோ அவரிடம் கேட்டு எடுப்பதுதான் நீதி.

ஞாயிற்றுக்கிழமை

இன்னொன்றும் உண்டு. எட்டு நாள் பந்தயமெனில் ஒரு ஞாயிறாவது நிச்சயம் அதனுள் அடங்கும். சில வேளை இரண்டும். நம்மில் பலர் இதைக் கடைசி நேரத்தில்தான் நினைக்கிறோம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, ஞாயிறு கடனை அன்றோ, முந்தின நாள் மாலைத் திருப்பலியிலோ நிறைவேற்றலாம். ஆகவே சனிக்கிழமை மாலை எந்த ஊரில் தங்குகிறோம், அங்கே ஆலயம் உண்டா என்று முன்னரே விசாரிப்பது கடினமன்று. மைசூரில் புனித பிலோமினா பேராலயம் இருக்கிறது. உதகையில் திரு இருதயப் பேராலயம் இருக்கிறது. மிதித்துக் களைத்த உடலோடு கடைசி வரிசையில் முழந்தாளிடுவோரை இறைவன் ஏற்கமாட்டாரா?

மிதிவண்டியும் விசுவாசமும் ஒன்றுக்கொன்று பகையென எண்ணவேண்டாம். இத்தாலி நாட்டில் கோமோ ஏரிக்கருகே கிசால்லோ என்னும் மேட்டில் மரியன்னையின் சிற்றாலயம் ஒன்றுண்டு. 1949ஆம் ஆண்டு அக்டோபர் 13ஆம் நாள் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவ்வன்னையை மிதிவண்டி வீரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். மேலே குறிப்பிட்ட கசார்டெல்லியின் வண்டி அவ்வாலயச் சுவரில் இன்றும் தொங்குகிறது. பிரான்சிலும் லபஸ்தீத் தார்மாஞ்ஞாக் என்னும் சிற்றூரின் அருகே மிதிவண்டியாளரின் அன்னைக்கு 1959இல் ஓர் ஆலயம் ஏற்பட்டது.

இத்தாலிய வீரர் ஜீனோ பார்த்தாலியை இங்கே நினைப்பது பொருத்தம். 1938இலும், போரால் பந்தயங்கள் தடைப்பட்டுப் பத்தாண்டு கழிந்து 1948இலும் டூர் டி பிரான்சை வென்றவர். கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்த பக்திமான். அவருடைய பெருமை அவ்விரு வெற்றிகளோடு முடியவில்லை. நாசிப் படைகள் இத்தாலியைப் பிடித்திருந்த காலத்தில், பிளாரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா ஏற்படுத்திய உதவி வலையில் சேர்ந்து, யூதக் குடும்பங்களைக் காப்பாற்றும் போலிப் பத்திரங்களைத் தம் வண்டியின் குழாய்களில் ஒளித்துக் கொண்டுசென்றார். பயிற்சிக்குச் செல்லும் வீரர் என்றே காவலர் நினைத்தனர். இதைப் பற்றித் தம் வாழ்நாளில் அவர் பெருமை பேசியதில்லை. 2000இல் அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2013இல் யாத் வஷேம் நிறுவனம் அவரை மக்களினங்களுள் நீதிமான் என்று அறிவித்தது. கால்களில் சேர்த்த வலிமையைப் பிறருக்காகச் செலவிட்ட மனிதர் அவர். மலையில் எல்லா வலிமையையும் செலவிட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் நம்மவர் அவரிடம் கற்கவேண்டியது ஒன்றுண்டு.

முடிவு எவ்வாறு ஏற்பட்டது?

முடிவை நான் சொல்லவில்லை, மருமகளும் சொல்லவில்லை. அவனே இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தான். வைப்புநிதியைத் தொடப்போவதில்லை. இவ்வாண்டு ஆல்ப்ஸ் இல்லை. நம் நீலகிரிப் பக்கத்து எட்டு நாள் பயணத்தைப் போன்ற ஒன்றுக்கு, அடுத்த பருவத்தில் இடம் கிடைக்குமா என்று பார்ப்பான். அங்கே செங்குத்தான மலை நாட்கள் ஓரிரண்டே. மற்றவை மேடுபள்ளமான நாட்டுப்புறச் சாலைகள். நாள் முழுவதும் கடிகாரம் துரத்துவதுமில்லை. விமானமும் விசாவும் வேண்டா. ஏதேனும் நேர்ந்தால் ஓரிரவில் வீடு திரும்பலாம்.

பயிற்சியையும் மாற்றியமைத்தான். அலுவலகத்திற்கு வண்டியிலேயே போய்வருகிறான். அதில் வாரத்துக்கு ஆறு மணி நேரம் எவரிடமிருந்தும் எடுக்காமல் கிடைக்கிறது. நீண்ட ஓட்டம் இரண்டு வாரத்திற்கு ஒருமுறை, சனிக்கிழமையில் மட்டும். ஞாயிறு வீட்டுக்கு. மே மாதம் மகளின் புதுநன்மையன்று வெள்ளைச் சட்டை அணிந்து, கையில் மெழுகுதிரியோடு முதல் வரிசையில் நின்றான். அவன் ஆல்ப்ஸ் ஆசை அழிந்துவிட்டதா என்றால், இல்லை, அழியவும் வேண்டாம். மகள் கல்லூரிக்குப் போனபின் கலிபியே அங்கேயே இருக்கும். மலைகள் பொறுமை மிக்கவை.

அன்பு வாசகர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய ஆசை கொண்ட ஒருவர் இருக்கலாம். அவரைத் தடுக்காதீர்கள். பொறுமையும் விடாமுயற்சியும் வளர்க்கும் இவ்விளையாட்டு நல்ல விளையாட்டே. ஓட்டத்தை முடித்தவனின் மகிழ்ச்சியைப் புனித பவுலடிகளாரும் உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். ஆனால் கட்டணம் செலுத்துமுன் ஒருமுறை அவரை வீட்டாரோடு அமரச் செய்யுங்கள். மணிக்கு எத்தனை மீட்டர் ஏறுகிறார் என்று அவர் சொல்லட்டும். அந்த மாதங்களில் யார் எழுந்து காப்பி போடுவார், யார் பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வார், முதியோரை யார் பார்ப்பார் என்று மற்றவர்கள் சொல்லட்டும். இரு பட்டியல்களும் ஒரே தாளில் வரட்டும். அதன்பின், அருகிலுள்ள ஏதேனும் ஒரு மலையில் மூன்று நாள் தொடர்ந்து ஏறிப் பார்க்கட்டும்.

முதல் நாள் எவரும் வீரரே. மூன்றாம் நாள் காலை எழுந்து, வீட்டாரின் முகத்தை மகிழ்ச்சியோடு நோக்கி, மீண்டும் வண்டியில் ஏற முடிகிறதா? முடிந்தால், அந்த அளவுள்ள பந்தயமே அவருக்கு உரியது. மரியன்னையின் துணையோடு அவர் புறப்படட்டும்.